பத்துப் பை, பன்னிரண்டு பாட்டில்

ஒரு ஜோடி ஷூவுக்கு 10 பிளாஸ்டிக் பைகள், 12 தண்ணீர் பாட்டில்கள். 'தைலி' என்ற இந்திய நிறுவனம் தன் சரக்கைப் பற்றி ஊருக்குச் சொன்ன முதல் கணக்கு இது. 2021 ஜூலையில் இதைத் தொடங்கிய ஆஷய் பாவே இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். துபாயில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரிப் போட்டியில் முன்வைத்த யோசனையைத்தான் பிறகு தொழிலாக்கினார். அதே ஆண்டு நவம்பரில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இதைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். தனக்கும் ஒரு ஜோடி வேண்டும், எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். பாவே முதலீடு திரட்டும்போது தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பெரிய முதலாளி கேட்டால் ஊரே கேட்கும். விலை நூறு டாலரை ஒட்டி இருந்தது. குப்பையில் செய்த பொருளுக்கு அவ்வளவா என்று சிலர் கேட்டார்கள், குப்பையில் செய்ததால்தான் அவ்வளவு என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செய்முறையில் ஒரு எளிமை இருக்கிறது. குருகிராமில் உள்ள ஆலைக்கு வரும் பைகளை வெந்நீரில் கழுவி உலர்த்துகிறார்கள். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சூடேற்றி அழுத்துகிறார்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் கொஞ்சம் தாண்டியதுமே பாலிஎத்திலீன் இளகத் தொடங்கிவிடும் என்பதால், பசையே இல்லாமல் அடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் போன்ற ஒரு தாளாகின்றன. அந்தத் தாளை வெட்டி ஜலந்தரில் உள்ள ஷூ தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். பாட்டில்கள் இன்னொரு வழியில் போய்ப் பாலியஸ்டர் நூலாகி, உள்துணியாகவும் லேஸாகவும் வந்து சேர்கின்றன. அடிப்பாகம் பழைய ரப்பர். வெள்ளை வெளேரென்று, இருபது ஆண்டுக்கு முந்தைய கூடைப்பந்து ஷூவின் சாயலில் இருக்கும் அதைப் பார்க்கிற யாருக்கும் மளிகைக் கடைப் பை ஞாபகத்துக்கு வராது.

கணக்கில் இருக்கும் இரண்டு எண்களும் ஒரே தகுதி உடையவை அல்ல. பாட்டிலுக்கு ஆள் உண்டு. தெருவில் கிடக்கும் பெட் பாட்டில் அரை நாள்கூடத் தங்காது. பொறுக்குபவர் எடுப்பார், காயலான் கடைக்காரர் எடைபோட்டு வாங்குவார், அவரிடமிருந்து ஒரு மொத்த வியாபாரி, அங்கிருந்து நூல் ஆலை. பானிப்பட்டில் அதற்குப் பெரிய சந்தை இருக்கிறது. நம் கரூரிலும் இருக்கிறது. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த வெளிர்நீல மேலங்கியின் துணி, பாட்டில்களை அரைத்துக் கரூரின் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் ஆலையில் செய்தது. கேமராக்கள் அங்கியைக் காட்டின. கரூருக்கு இரண்டு நாள் பெருமை கிடைத்தது.

பையின் கதை வேறு. ஒரு மெல்லிய கேரி பேக் ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சேர்க்க இருநூறு முறை குனிய வேண்டும். எடுத்த பையில் பருப்புக் குழம்பு ஒட்டியிருக்கும், மீன் தண்ணீர் ஊறியிருக்கும். இருநூறு முறை குனிந்து ஒருவர் சேர்த்துக் கொண்டுபோனாலும் பெரும்பாலான காயலான் கடைக்காரர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எனவே பை குருகிராமின் பந்த்வாரி குப்பை மலைக்கோ, சாக்கடை அடைப்புக்கோ, மாட்டின் வயிற்றுக்கோ போகிறது. என் கணக்கில் இந்த ஷூவின் மெய்யான சாதனை அந்த 10 பைகள்தான். எவரும் வாங்காத ஒன்றை வாங்க ஒரு ஆள் முளைத்திருக்கிறார். 12 பாட்டில்கள் எண்ணிக்கை அழகுக்குச் சேர்ந்தவை. இந்த ஷூ பிறக்காவிட்டாலும் அவற்றுக்கு வேலை கிடைத்திருக்கும்.

இன்னும் ஒரு படி போனால், பாட்டிலை ஷூவாக்குவது அதற்கு நன்மையா என்றே கேட்கலாம். பாட்டிலை அரைத்து மறுபடி பாட்டிலாக்க முடியும், அதையும் திரும்ப அரைக்க முடியும். துணியாகி, ரப்பரோடும் பசையோடும் ஒட்டி, ஒருவர் காலில் இரண்டு வருடம் தேய்ந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க யாருக்கும் பொறுமையும் கிடையாது, லாபமும் கிடையாது. 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓட்டப் பயிற்சிக்கான ஒரு சாதாரண ஷூவைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 65 பாகங்கள், 360 வேலைப் படிகள். ஒரு ஜோடி சுமார் 14 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு தொழிற்சாலையில், வார்ப்பிலும் சூட்டிலும் வெட்டலிலும் நிகழ்கிறது என்றும் கண்டார்கள். மூலப்பொருளின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே. அப்படியானால் பழைய பிளாஸ்டிக்கில் செய்தது என்ற பெருமை அந்தச் சிறிய பங்கைத்தான் தொடுகிறது. மீதியைக் குறைக்க ஒரே வழி, ஒரு ஷூவை நெடுநாள் போட்டுக்கொள்வது. அதற்குத் தைத்துத் தர ஆள் வேண்டும். பேருந்து நிலையத்து ஓரம் குடை நட்டு உட்கார்ந்திருப்பவரிடம் செயற்கைத் தோல் ஷூவை நீட்டினால், வளைத்துப் பார்த்துவிட்டு, "ஊசி இறங்கும் சார், ஆனா போட்ட ஓட்டை வழியாவே கிழிஞ்சிரும். பசை போட்டுத் தரேன், வர்ற வரைக்கும் வரட்டும்" என்பார். பசைக்கும் சேர்த்துத்தான் கூலி சொல்வார்.

பையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. இப்போது உலகெங்கும் பறக்கிற பனியன் வடிவப் பையை வடிவமைத்தவர் ஸ்வீடனின் ஸ்டென் குஸ்தாஃப் துலின். அவர் வேலை பார்த்த செல்லோபிளாஸ்ட் நிறுவனம் 1965இல் காப்புரிமை பெற்றது. காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறையட்டும், இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தட்டும் என்பது அவர் எண்ணம் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். துலின் எதிர்பார்த்தது மஞ்சள் பை வைத்திருந்த நம் தாத்தாக்களின் பழக்கத்தை. கிடைத்தது வேறு. இந்தியாவில் சட்டம் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கியது: 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. சட்டப்படி பார்த்தால் இந்த ஷூவின் மூலப்பொருளான மெல்லிய பை நாட்டில் இருக்கவே கூடாது. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் நாளில் இந்தத் தொழில் வேறு சரக்குத் தேட வேண்டியிருக்கும். அந்தக் கவலை இன்றைக்கு யாருக்கும் வேண்டியதில்லை, கோயம்பேட்டுச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும்.

கழிவில் செருப்புச் செய்வது புதிய யோசனை என்று நம்புகிறவர்கள் டெல்லியின் மேற்கு ஓரத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். டிக்ரி கலானில் பழைய பிவிசி சந்தை இருக்கிறது. சற்றுத் தள்ளி ஹரியானா எல்லையில் பகதூர்கட், தோலில்லாத மலிவுக் காலணிகள் பெருவாரியாகத் தயாராகும் ஊர். அறுந்த செருப்பு, கிழிந்த ரெக்ஸின், பழைய குழாய் எல்லாம் பிரிக்கப்பட்டு, நிறவாரியாகக் குவிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, மறுபடியும் செருப்பாக வார்க்கப்படுவது அந்த வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கும் தொழில். சாயம் மங்கியிருப்பதால் கருப்பு அல்லது பழுப்பில் ஊற்றுவார்கள். சந்தையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கூவி விற்கிற அந்தச் செருப்பை நாட்டின் பெரும்பகுதி உழைப்பாளிகள் போட்டு நடந்திருக்கிறார்கள். எத்தனை பழைய செருப்பு ஒரு புதுச் செருப்பாகியது என்ற கணக்கை எந்தப் பெட்டியிலும் யாரும் அச்சடிக்கவில்லை. பெட்டியே கிடையாது. அரைத்த பிவிசியில் ஈயமும் என்னென்னவோ இளக்கிகளும் இருக்கக்கூடும். அதைப் போடுகிறவர் காலைப் பற்றியும், புகையை உள்ளிழுத்து வார்க்கிறவர் நுரையீரலைப் பற்றியும் பெரிய விசாரணை எதுவும் எழவில்லை. நான் அந்தச் செருப்பை உயர்த்திப் பிடிக்கவில்லை. பழையது ஒன்று புதியதாக மாறியது என்ற செய்தியை அங்கே மறைத்துத்தான் விற்க வேண்டியிருந்தது, இங்கே அதை முன்னால் வைத்தே விற்க முடிகிறது. அந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துகிறது.

டயர் செருப்புக்கும் இதே நிலைதான். லாரி டயரை வெட்டி, டியூப்பில் வார் போட்டு, ஆணி அடித்துக் கொடுத்த செருப்பை மழைக்கும் முள்ளுக்கும் மிஞ்ச எதுவும் இல்லை. அதைப் போட்டிருப்பவர் ஏழை என்று தூரத்திலேயே தெரியும். வியட்நாமில் அதே டயர் செருப்பு போராளிகளின் அடையாளமாகி, ஹோ சி மின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, அருங்காட்சியகத்தில்கூட வைத்திருக்கிறார்கள். நம்மூரில் அதற்கு அப்படியொரு யோகம் வாய்க்கவில்லை.

செருப்பு என்று வரும்போது நம் சமூகம் பொருளை மட்டும் பார்த்ததில்லை, அது எதனால் ஆனது, யார் கை பட்டது என்று பார்த்தது. மரப் பாதுகை அரியணை ஏறி அயோத்தியை ஆண்டது. தோல் செருப்பு வாசலைத் தாண்டவில்லை. செருப்பைத் தைத்தவரும் தாண்டவில்லை. அவரே தான் தைத்ததைக் காலில் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க முடியாது, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகக் கிராமங்களில் நெடுங்காலம் நடந்தது, சில இடங்களில் நேற்றுவரை நடந்தது. செருப்புத் தைப்பதும் குப்பை அள்ளுவதும் மலம் அள்ளுவதும் இங்கே பெரும்பாலும் ஒரே மக்கள் தலையில், அருந்ததியர் தலையில் கட்டப்பட்டன. 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வருவதற்கே அவர்கள் எவ்வளவு போராட வேண்டியிருந்தது. குப்பையும் செருப்பும் ஒரே பொருளில் சந்திப்பதை விந்தையாகச் சொல்கிறோம். அவை ஏற்கனவே ஒரே சேரியில் ஒன்றாகத்தான் இருந்தன.

பிளாஸ்டிக்கைத் திட்டும்போது அதன் ஒரு நன்மையை நாம் ஒப்புக்கொள்வதில்லை. ரப்பரும் பிவிசியும் வந்த பிறகுதான் செருப்பு மாட்டின் தோலிலிருந்தும் அதனோடு ஒட்டியிருந்த தீட்டிலிருந்தும் கொஞ்சம் விடுபட்டது. ஹவாய் செருப்புக்குச் சாதி இல்லை. அதை வார்ப்பது ஒரு இயந்திரம், விற்பது பலசரக்குக் கடை. விலையும் எட்டும். கிராமத்தில் முதல்முறை காலில் எதையாவது மாட்டிய ஒரு தலைமுறைக்கு அதுதான் கிடைத்தது. சூழலியல் கட்டுரைகளில் இந்த வரவை யாரும் வரவு வைப்பதில்லை, நானும் எங்கும் படித்த நினைவில்லை.

தோல் என்பதே கழிவுதானே. செத்த மாட்டை ஊர் என்ன செய்யும்? இழுத்துக்கொண்டு போகச் சொல்லும். போனவர்கள் அதை உரித்தார்கள், சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள், கமலை இறைக்கும் பறிக்கும் வண்டி மாட்டு வாருக்கும் ஊரார் காலுக்கும் பொருளாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் வீசியதை ஊரின் தேவையாக மாற்றிய முதல் தொழில்நுட்பம் அது. வேதியியலும் கைநுட்பமும் அதில் இருந்தன, நாற்றமும் இருந்தது. அந்த அறிவுக்குக் கிடைத்த பட்டம் தீண்டாமை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனா பக்கத்தில் செத்த பசுவின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி இரும்புத் தடியால் அடித்தார்கள், அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். அதன் பிறகு சுரேந்திரநகரில் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற செய்தி. கழிவைப் பொருளாக்குகிறவர்கள் ஒரு நாள் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மாவட்ட நிர்வாகம் மூக்கைப் பொத்திக்கொண்டு தெரிந்துகொண்டது.

அந்தச் சம்பவத்துக்கும் தைலியின் தொடக்கத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். கழிவில் காலணி என்பது இரண்டுக்கும் பொது. இதைச் சொல்லும்போது பாவேயைக் குற்றம்சாட்டுவது என் நோக்கம் அல்ல, அவர் நல்ல வேலை ஒன்றை நேர்த்தியாகச் செய்திருக்கிறார். ஆனால் ஒரே வேலைக்கு ஒருவருக்குத் தடியடியும் இன்னொருவருக்கு முதலீடும் கிடைக்கிற நாட்டில் அந்த ஷூவைத் தனியாக எடுத்து மேசையில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அது தைக்கப்படும் ஊரும் சும்மா இருக்க விடவில்லை. ஜலந்தரின் பூட்டா மண்டி, தலித் வியாபாரிகள் தோல் வாணிபத்தில் காலூன்றிய இடம். பதப்படுத்திய தோலில் சம்பாதித்த பணத்தில் அவர்கள் பள்ளிக்கும் இயக்கத்துக்கும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் விடுதலைப் போராட்டத்துக்கான கதர் கட்சியில் இருந்துவிட்டுத் திரும்பிய மங்கு ராம், தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தலித்துகளுக்காக 1926இல் அவர் தொடங்கிய ஆத் தர்ம இயக்கத்துக்குப் பின்பலமாக நின்றவர்களில் பூட்டா மண்டிக்காரர்கள் முக்கியமானவர்கள். 1951 அக்டோபரில் அம்பேத்கர் அங்கே பேசினார். நம் பக்கத்தில் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலால் வளர்ந்த ஊர்கள்தான், ஆனால் பாலாற்றுக்குக் கொடுத்த விலை அந்த வளர்ச்சியின் மேல் கறையாக நிற்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தோல் ஆலைகளைக் கண்டித்து எழுதிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிறுத்தியது. இப்போது அதே ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்துக்கும் பெரம்பலூருக்கும் தோலில்லாக் காலணித் தொழிற்சாலைகள் வருகின்றன, செய்யாறில் வந்து நெடுநாளாகிவிட்டது. வரிசை வரிசையாகப் பெண்கள் நின்று உலகப் பெயர்களுக்கு ஷூ ஒட்டுகிறார்கள். பாலாற்றுக்கு இது நல்ல சேதி. மூலப்பொருள் பெட்ரோலியம், அதன் கழிவு பாலாற்றில் நிறமாகத் தெரியாது, அவ்வளவுதான்.

தைலி தன்னை விலங்குப் பொருள் கலக்காத ஷூ என்றும் சொல்லிக்கொள்கிறது, பீட்டா அமைப்பின் அங்கீகாரமும் உண்டு. அட்டைப்பெட்டிக்குள் துளசிக் குடும்பத்துப் பேசில் விதைகளைப் பொதித்திருக்கிறார்கள், பெட்டியை நட்டால் செடி முளைக்குமாம். செருப்பு வந்த பெட்டியில் துளசிக்கு உறவுக்காரி முளைப்பதை என் பாட்டி கேட்டிருந்தால் இரண்டு முறை தலைக்குக் குளித்திருப்பார். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. வடிவமைத்தவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ, இந்த ஷூவைச் சுற்றி நடந்த எல்லாவற்றிலும் சாதிக்கு எதிரான ஒரே குறும்பு அதுதான்.

பை ஆலைக்கு எப்படி வருகிறது என்ற பகுதி மட்டும் கதையில் வேகமாகக் கடந்துவிடுகிறது. கழிவு மேலாண்மை நிறுவனத்திடமிருந்து பெறப்படுகிறது என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் தலைநகரைச் சுற்றியுள்ள தகரக் கொட்டகைகள் இருக்கின்றன, வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, குடியிருப்பு அடுக்ககங்களின் குப்பையை வீட்டு வாசலில் எடுத்துப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் வந்து அடையாள அட்டை கேட்கும்போது அவர்கள் பெயர் எழுதப்படும், பத்திரிகை வந்து புதுமை கேட்கும்போது எழுதப்படாது. புனேயில் இது வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1993இல் அங்கே குப்பை பொறுக்கும் பெண்கள் காகத் காச் பத்ர கஷ்டகரி பஞ்சாயத்து என்று சங்கம் கட்டினார்கள். மாநகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டையை வாங்கினார்கள். பிறகு ஸ்வச் என்ற கூட்டுறவு அமைத்து 2008இல் வீட்டுக்கு வீடு குப்பை எடுக்கும் ஒப்பந்தத்தை மாநகராட்சியிடமே பெற்றார்கள். வீடுகள் தரும் மாதக் கட்டணம் அவர்களுடையது, பிரித்தெடுத்த சரக்கை விற்ற பணமும் அவர்களுடையது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் பெரிய லாரி வைத்திருக்கும் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எழும், அவர்கள் தெருவுக்கு வந்து தடுப்பார்கள்.

பிளாஸ்டிக் ஷூக்காரர்கள் எல்லோரும் கூட்டுறவு அமைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை, அவர்கள் வியாபாரம் செய்ய வந்தவர்கள். ஆனாலும் பாட்டிலையும் பையையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு, யாரும் வாங்காத அந்த மெல்லிய பைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தோம், அதில் முதலில் குனிந்து எடுத்தவர் கைக்கு எவ்வளவு போனது என்று எண்ணுவதும் முடியும். மாதம் மாறினால் விலை மாறும், அச்சடிப்பது சிரமம் என்பார்கள். பால் பாக்கெட்டில் தினமும் தேதி மாற்றி அடிக்கிற நாடு இது. பெட்டியில் இடம் போதவில்லை என்றால் விதைகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.